வேம்பூர் ஆட்டுக்கறியை வளைகுடாவுக்கு அனுப்பணும்னா எங்க அடைபடுது?

கரிசல்கிடை:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் விளாத்திகுளம் பக்கம். வீட்ல 40 உருப்படி, எல்லாம் வேம்பூர் ஆடு, எங்க பேச்சுல பொட்டு ஆடு. சுத்துப்பட்டு ஆட்டுக்காரங்க 300 பேர் சேர்ந்து போன வருஷம் ஒரு உற்பத்தியாளர் கம்பெனி பதிஞ்சோம். பி.காம். படிச்ச ஒரே காரணத்துக்காக கணக்கு வழக்கு என் தலையில.

போன மாசம் ஒரு பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மேடையில பேசினவர், "உலகமே உங்க கறிக்குக் காத்துக்கிட்டிருக்கு, சந்தை வாய்ப்பைத் திறந்துவிட்டா போதும்"னு திரையில கப்பல் படமும் விமானப் படமும் காட்டினாரு. பக்கத்துல இருந்த எங்க அப்பா, "காத்திருக்கட்டும். மொதல்ல தரகன் வச்சிருக்கிற பாக்கியை வாங்கிக் குடுக்கச் சொல்லு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா அந்தப் படம் மனசை விட்டுப் போகல.

இங்க சந்தையில 25 கிலோ தேறுற கிடாக்குட்டி 9,500 ரூபாய்க்குப் போகுது. அதுலயும் எடை கிடையாது, முதுகைப் புடிச்சுப் பாத்து கைமதிப்புதான். துபாய்ல இந்திய மட்டனுக்கு நல்ல விலைன்னு சொல்றாங்க. நாங்களே நேரா அனுப்ப முடியுமா? லைசென்ஸ் எங்க வாங்கணும்? காணை நோய் (கோமாரி) இருக்கிற நாடுன்னு நம்ம கறியை வெளிநாட்டுல வாங்க மாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, நெசமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முட்டைலாரி:

நண்பா, நான் நாமக்கல். எங்க ஊர் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகுது. முட்டைக்கு முடிஞ்சது கறிக்கு முடியாதா? மத்திய அரசோட வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடாவுல பதிவு பண்ணுங்க, ஏற்றுமதி இறக்குமதி நம்பர் வாங்குங்க, ஒரு பையரைப் புடிங்க. யோசிச்சுக்கிட்டே இருந்தா ஆடு கிழடாயிடும்.

கட்டிங்ஹால்:

முட்டைலாரி தம்பி சொல்ற நம்பர் வாங்குற வேலை ஒரு வாரத்துல முடிஞ்சுடும். மீதிக்குத்தான் ஆயுசு வேணும். நான் 27 வருஷம் எருமைக்கறி ஏற்றுமதி ஆலைகள்ல தரக்கட்டுப்பாடு பாத்தவன். அலிகார், உன்னாவ் பக்கம்தான் அதிக காலம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்போ வீட்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

கரிசல்கிடை தம்பி, முதல்ல விலையைப் பாப்போம். வளைகுடாவுக்கு நம்ம ஆட்டுக்கறி போற வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கு. 2022-23ல இந்தியாவுல இருந்து செம்மறி, வெள்ளாட்டு இறைச்சி 9,592 டன் வெளிய போயிருக்கு. மதிப்பு 537 கோடி ரூபாய். வாங்கினதுல பெரிய பங்கு அமீரகம், கத்தார், குவைத், மாலத்தீவு, ஓமன். இப்போ வகுத்துப் பாருங்க. கிலோ 560 ரூபாய். இது நம்ம கரையில கணக்கு வைக்கிற விலை, விமானக் கூலி இதுல சேராது.

உங்க 25 கிலோ குட்டிக்கு வாங்க. தோல், தலை, கால், குடல் போக 46 சதவீதம் தேறுச்சுன்னா பதினொன்றரைக் கிலோ. கிலோ 560 வச்சா 6,440 ரூபாய். தலைக்கறி, ஈரல், குடல் இங்கயே வித்து ஒரு 900 வரட்டும். தோலுக்கு இன்னைக்கு இருக்கிற விலையை எழுத எனக்கே கூச்சமா இருக்கு. ஆக 7,400க்குள்ள. நீங்க அந்தக் குட்டியைச் சந்தையில 9,500க்குக் குடுக்கிறீங்க. வெட்டுக்கூலி, குளிர்சாதனம், பெட்டி எதுவும் நான் இன்னும் போடவே இல்ல. அந்தக் கணக்கு 2022-23க்கானது, இப்போ விலை ஏறியிருக்கும்னு சொல்வீங்க. உங்க குட்டி விலையும்தான் ஏறியிருக்கு.

நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமை காலையில கறிக்கடை வரிசையில நிக்கிறவர்தான் துபாய்க்காரரோட பெரிய போட்டியாளர். அவரு கிலோவுக்கு 800, 900 குடுக்கிறாரு. குளிர் வேண்டாம், ஹெல்த் சர்டிஃபிகேட் வேண்டாம், கையோட காசு. ராஜஸ்தான்ல இருந்தும் ஆந்திராவுல இருந்தும் சென்னைக்கு ஆடு வண்டி வண்டியா வருதுன்னா நம்ம ஊர் விலைதான் இழுக்குது.

எருமை எப்படி இவ்வளவு போகுதுன்னு கேப்பீங்க. அதே 2022-23ல எருமைக்கறி 11.75 லட்சம் டன், 25,648 கோடி ரூபாய். கிலோவுக்கு 218 ரூபாய்தான் வருது. எருமையோட வாழ்நாள் செலவைப் பால் குடுத்துடுது. வத்திப்போன எருமை, வளர்க்க ஆளில்லாத கடாக்கன்று, இதுதான் ஆலைக்கு வரும். உள்ளூர்ல வாங்குறவன் கம்மி. அதனால 218 ரூபாய்க்கும் கட்டுப்படியாகுது. கறிக்குன்னே வளக்கிற உங்க குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்து காணை. உங்ககிட்ட சொன்னவர் பாதி சரி. காணை இருக்கிற நாட்டுல இருந்து மாட்டுக்கறி, எருமைக்கறி எப்படிப் போகலாம்னு உலக விலங்கு சுகாதார அமைப்பு ஒரு விதி வச்சிருக்கு. எலும்பை எடுக்கணும். நிணநீர்க் கட்டிகளை எடுக்கணும். வெட்டின உடலை 2 டிகிரிக்கு மேல குறைஞ்சது 24 மணி நேரம் தொங்கவிடணும். அப்புறம் முதுகுச் சதையில பி.எச். (அமில அளவு, எண் குறைஞ்சா அமிலம் அதிகம்) பாத்தா 6.0க்குக் கீழ இருக்கணும். சதை ஆறும்போது அதுல அமிலம் ஊறுது, அந்த அமிலம் காணை வைரஸைக் கொன்னுடும். எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையிலயும் கட்டிகள்லயும் அந்த அமிலம் ஊறாது, அதான் அதை எடுக்கச் சொல்றது. எலும்போட எருமைக்கறி அனுப்ப நம்ம அரசே அனுமதிக்கிறதில்ல.

இதுல ஒரு ராத்திரி எனக்கு மறக்காது. ஆலை பேரு வேண்டாம். கப்பலுக்கு நாள் நெருங்கிடுச்சு. 14 மணி நேரம் லாரியில நின்ன எருமைங்க ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்குது. விதிப்படி தண்ணி காட்டி, ராத்திரி முழுக்க இளைப்பாற விட்டு மறுநாள்தான் வெட்டணும். முதலாளி மகன் போன்ல, "இப்பவே ஏத்து, பேப்பர்ல நான் பாத்துக்கிறேன்"ங்கிறாரு. நான் மறுத்தேன், எனக்கு மேல இருந்தவர் தலையாட்டிட்டாரு. மறுநாள் ராத்திரி சில்லர்ல, அதான் கறி தொங்குற குளிர் அறையில, வரிசையா மீட்டரைக் குத்திக்கிட்டு வாரேன். 5.7, 5.8, அப்புறம் 6.2, 6.3, 6.4. களைச்ச மாட்டுச் சதையில சக்கரைச் சத்து தீர்ந்து போயிருக்கும், அமிலம் எங்க இருந்து ஊறும்? வெட்டிப் பாத்தா சதை கருஞ்சிவப்பா, கையில பிசுபிசுன்னு ஒட்டுது. 90 உடல்ல 31 சிவப்புச் சீட்டு. கன்டெய்னர் பாதி காலியா நிக்குது. அந்த மகன் என்கிட்ட, "மீட்டர் சரியா இருக்கா?"ன்னு கேட்டாரு. புது பேட்டரி போட்டுத் திரும்பவும் குத்தினேன். 31தான்.

வெளிநாட்டு ஆடிட் குழு வந்தா எங்க பாப்பாங்க தெரியுமா? பளபளக்கிற கட்டிங் ஹாலை அஞ்சு நிமிஷத்துல தாண்டிடுவாங்க. தென்கிழக்கு ஆசியாவுல இருந்து வந்த ஒரு அம்மா குனிஞ்சு வடிகால் மூடியைத் தூக்கிப் பாத்தாங்க. அப்புறம் மூணு மாசம் முன்னாடியுள்ள சில்லர் வெப்பநிலை ஏட்டைக் கேட்டு வாங்கி, 30 நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வுன்னு விரல் வச்சுக் காட்டினாங்க. ஒரே உட்காரல்ல எழுதின ஏடு. எங்க ஆலைக்கு அந்த நாட்டு அனுமதி வர ஒண்ணரை வருஷம் தள்ளிப் போச்சு. அரசாங்கம் ரெண்டும் கையெழுத்துப் போட்டு நாடு திறந்தாலும், ஆலை ஆலையாத்தான் பட்டியல்ல ஏறணும். நாடு திறந்தது பேப்பர்ல பெரிய எழுத்துல வரும், ஆலை பட்டியல்ல இருந்து விழுந்தது எங்கயும் வராது.

ஹலால் சான்றிதழும் இப்போ முன்ன மாதிரி இல்ல. 2024 அக்டோபர் 16ல இருந்து அமீரகம், சவூதி, கத்தார், மலேசியா உள்ளிட்ட 15 நாடுகளுக்குப் போற ஹலால் இறைச்சிக்கு, இந்தியாவுல அங்கீகாரம் வாங்கின அமைப்போட சான்றிதழ் வேணும்னு ஆக்கிட்டாங்க. தெரிஞ்ச பள்ளிவாசல் கடிதம் செல்லாது.

மீதி அப்புறம் எழுதுறேன், பேரன் கம்ப்யூட்டரைக் கேக்கிறான்.

ஷார்ஜா_கறிக்கடை:

கட்டிங்ஹால் அண்ணாச்சி சொன்னது அத்தனையும் உண்மை. நான் இந்தப் பக்கம் வாங்குற கை. 11 வருஷமா ஒரு சூப்பர் மார்க்கெட்ல கறிப் பிரிவு. ராமநாதபுரம் மாவட்டம்.

இந்திய மட்டன் எங்களுக்கு விமானத்துல வரும். உரிச்ச முழு உடல், மெல்லிசு வெள்ளைத் துணி உறை, காலு பக்கம் முத்திரை. விடியக்காலம் 4 மணிக்கு வண்டி வந்தா தெர்மாமீட்டரை உள்ள குத்தித்தான் இறக்குவோம். பக்கத்துக் கொக்கியில பாகிஸ்தான் ஆடு, எத்தியோப்பியா வெள்ளாடு, ஆஸ்திரேலியா லாம்ப் எல்லாம் தொங்கும். ஆஸ்திரேலியாக்காரன் உருப்படி ஒண்ணொண்ணும் 20 கிலோகிட்ட, கொழுப்பு தடிமனா இருக்கும். நம்மாளுங்க, மலையாளிங்க அதைத் தொட மாட்டாங்க. "இந்தியா இருக்கா? சின்னதா குடு"ம்பாங்க. அதனால நம்ம கறிக்கு இங்க ஆள் இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா பையர் கேக்கிறது வேற. "8ல இருந்து 11 கிலோ, எல்லாம் இளசு, வாரம் மூணு தடவை, தடவைக்கு 300 உருப்படி. தருவியா?" இன்னைக்கு 9 கிலோ, நாளைக்கு 14 கிலோன்னு வந்தா காசைப் புடிச்சிடுவாங்க. நோன்பு மாசம் குடுத்துட்டு ஆடிக் காத்துல காணாமப் போற ஆளை அடுத்த தடவை போன்ல எடுக்கவே மாட்டாங்க.

ஒரு தடவை விமானம் மாறிப்போய் சரக்கு ஓடுதளத்து வெயில்ல மூணு மணி நேரம் நின்னுடுச்சு. இங்க வந்து குத்திப் பாத்தா 11 டிகிரி. மொத்தச் சரக்கும் குப்பைக்கு. விமானக் கம்பெனி எடைக்கு இவ்வளவுன்னு ஏதோ குடுத்தான், கறி விலையில கால்வாசி கூட இல்ல. அனுப்பின மனுஷன் போன்ல அழுதாரு, என்ன ஆறுதல் சொல்றதுன்னு தெரியல.

கரிசல்கிடை:

அண்ணாச்சி, ஷார்ஜா அண்ணே, ரொம்ப நன்றி. 560 கணக்கை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, ஆட்டைப் பத்தப் போயிட்டாரு.

அந்த 300 உருப்படியை எங்க கம்பெனிக்குப் போட்டுப் பாத்தேன். 300 பேரு, ஆளுக்கு சராசரி 25 பெட்டைன்னு வச்சா 7,500. சாவு போக வருஷத்துக்கு 6,000 குட்டி நிக்கும். அதுல கிடா 3,000. வாரத்துக்கு 57தான் வருது. அதுவும் எல்லாம் ஒரே பருவத்துல ஈனும், மீதி மாசம் ஒண்ணுமே இருக்காது. ஷார்ஜா அண்ணன் கேக்கிற ஒரு தடவைச் சரக்குக்கு எங்க 300 பேரோட அஞ்சு வாரக் குட்டி வேணும்!

இன்னொரு சந்தேகம். எங்க ஆட்டுக்கு ஊசி போட வாராங்க, காதுல கம்மல் குத்துறாங்க. இப்படியே காணை ஒழிஞ்சுட்டா பெரிய நாடுங்க வாங்குமா? அப்போ விலை கூடும்ல?

வெட்டினரி_தென்காசி:

நான் அரசு கால்நடை மருத்துவர், அதனால என் பங்குக்குச் சில திருத்தங்கள்.

அண்ணாச்சி சொன்ன 24 மணி நேரம், பி.எச். விதி மாட்டுக்கும் எருமைக்கும். எலும்போட செம்மறி உடல் வளைகுடாவுக்குப் போகிறதே என்று குழம்ப வேண்டாம். அந்த நாடுகளிலும் காணை இருக்கிறது, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் சுகாதாரச் சான்றிதழின் பேரில் வாங்குகிறார்கள். ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா நம் பச்சை இறைச்சிக்குக் கதவைத் திறக்கவில்லை.

தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்டது. காணைக்கும் கருச்சிதைவு நோய்க்கும் சேர்த்து ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய். திட்டத்தில் செம்மறி, வெள்ளாடும் உண்டு. 2030க்குள் ஒழிப்பது இலக்கு. தடுப்பூசி போட்டுக்கொண்டே காணையற்ற மண்டலமாக அறிவிக்க எடுத்துக்கொள்ளும் மாநிலங்களில் தமிழ்நாடும் இருக்கிறது.

ஊசி போட்டால் மட்டும் மண்டலம் ஆகாது. இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு ஊசியால் வந்ததா, நோய் வந்து போனதா என்று பிரித்துக் காட்டும் பரிசோதனை தொடர்ந்து எடுக்க வேண்டும். செம்மறியில் காணை வந்தாலும் லேசாக நொண்டி இரண்டு நாளில் சரியாகிவிடும், ஆட்டுக்காரர் கல் குத்திவிட்டது என்று விட்டுவிடுவார். அந்த நொண்டல்தான் எங்களுக்குத் தலைவலி. வெளி மண்டலத்திலிருந்து மாடோ ஆடோ சோதனை இல்லாமல் உள்ளே வரவும் கூடாது.

இந்த நாட்டில் இதற்கு முன் ஒரு பெரிய நோயை ஒழித்து முடித்திருக்கிறோம். மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் பற்றி உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2006ல் அங்கீகாரம் வந்தது, 2011ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். காணை வைரஸ் பல வகை, ஊசியின் பலனும் ஆறு மாதம்தான், அதனால் நேரம் பிடிக்கிறது.

உங்கள் கணக்கில் எனக்கு உறுத்தியது வேறு. 7,500 பெட்டைக்கு 6,000 குட்டிதான் நிற்கிறது என்கிறீர்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு இந்த மூன்றுக்கும் ஊசி ஏடு வைத்திருக்கிறீர்களா? 300 பேரில் எத்தனை பேர்? பதில் இங்கே வேண்டாம், உங்கள் மருந்தகத்துக்குப் போங்கள்.

முட்டைலாரி:

டாக்டரம்மா, ஒரு சந்தேகம். 2023 அக்டோபர்ல 26 கோழி வளாகங்களைப் பறவைக் காய்ச்சல் இல்லாததா ஏத்துக்கிட்டாங்களே, அதுல தமிழ்நாடும் இருந்துச்சே. அதே மாதிரி ஆட்டுக்கும் வளாகம்னு காட்டிட்டா, மாநிலம் முழுக்க ஒழியிற வரைக்கும் காத்திருக்க வேண்டாமே?

கட்டிங்ஹால்:

டாக்டரம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் குறுக்க விழுந்துடுறேன். கோழிக்கு வேலி இருக்கு, வாசல்ல டயர் குளிக்குது, உள்ள போறவன் செருப்பு மாத்துறான். அதனால அதை வளாகம்னு காட்ட முடிஞ்சது. கதிர் அறுப்பு முடிஞ்சதும் கரிசக்காடு கரிசக்காடா நடந்து, மாவட்டம் தாண்டி, இன்னைக்கு ஒருத்தர் நெலத்துல நாளைக்கு இன்னொருத்தர் நெலத்துல கிடை போடுற ஆட்டுக்கு எந்தச் சுவரைக் காட்டுவீங்க? கரிசல்கிடை தம்பி பேருலயே விடை இருக்கு. அடைச்சு வளக்கலாம்னா தீவனச் செலவு ஏறி அந்தக் குட்டி 9,500ல நிக்காது. இந்தச் சிக்கலைப் பத்தி ஒரு பயிற்சி மேடையிலயும் யாரும் பேசி நான் கேட்டதில்ல.

பிரேசிலைப் பாருங்க. உலகத்துலயே அதிகமா மாட்டுக்கறி அனுப்புற நாடு. அங்க சாந்தா கத்தரீனான்னு ஒரே ஒரு மாநிலத்துக்கு, ஊசி போடாமலே காணை இல்லைங்கிற அங்கீகாரம் 2007ல கிடைச்சது. நாடு முழுக்க அது கிடைச்சது 2025 மே மாசம். 18 வருஷம், மாநிலம் மாநிலமா. அதே 2025 மே மாசம் தெற்கே ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்துல ஒரு கோழிப்பண்ணையில பறவைக் காய்ச்சல் வந்துச்சு. சீனா மொத்த பிரேசில் கோழிக்கும் தடை போட்டுச்சு. ஜப்பான் அந்த வட்டாரத்தை மட்டும் தடுத்துட்டு மீதியை வாங்கிக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா, நோய் வந்தா எந்த அளவு இடத்தைத் தடுக்கணும்னு நோய் வர்றதுக்கு முன்னாடியே பேசி எழுதி வச்சிருந்தாங்க. திட்டமிடல்னு யாராவது சொன்னா எனக்கு அந்த ஒப்பந்தக் காகிதம்தான் ஞாபகம் வரும்.

நம்ம பக்கம் வியட்நாம் கதையைச் சொல்லணும். 2014-15ல எருமைக்கறி 14.76 லட்சம் டன் போச்சு. அதுல பெரிய பங்கு வியட்நாம் பேருக்கு. வியட்நாம்காரன் அவ்வளவு சாப்பிடுறானான்னு நாங்க கேண்டீன்ல சிரிச்சுக்குவோம். சீனா நம்ம கறியை நேரா வாங்குறதில்ல, எல்லை வழியா உள்ள போச்சு. சீனா எல்லையை இறுக்கினதும் ஹாய்ஃபாங் துறைமுகத்துல கன்டெய்னர் தேங்கும், இங்க அலிகார்ல எருமை விலை விழும். வாங்குறவன் வாசல் நம்ம பேருல இல்லாம பக்கத்து வீட்டு சந்து வழியா யாவாரம் பண்ணினா அப்படித்தான்.

இந்தோனேசியா வேற மாதிரி திறந்துச்சு. 1990ல இருந்து காணையே இல்லாத நாடா இருந்துச்சு அது, 2022லதான் திரும்ப வந்துச்சு. அங்க மாட்டுக்கறி விலை மக்களால தாங்க முடியாத அளவு ஏறுச்சு. 2014ல சட்டத்தை மாத்தி, முழு நாடும் சுத்தமா இல்லாட்டியும் வாங்கலாம்னு வழி பண்ணி, 2016ல நம்ம எருமைக்கறியை எடுத்தாங்க. நம்ம ஆளுங்க போய்ப் பேசினது உண்மைதான். ஆனா கதவைத் தள்ளினது அவங்க ஊர் நோன்புப் பெருநாள் விலை.

ஆஸ்திரேலியாவுல ஒரு மாடு கை மாறுனா 5 டாலர் வரி. அந்தக் காசு அவங்க சொந்த ஆராய்ச்சிக்கும், வெளிநாட்டுல கறியை விக்கவும் திரும்பி வருது. காசு குடுத்தவன் கேள்வி கேப்பான். இங்க சந்தையில ஒவ்வொரு ஆட்டுக்கும் சுங்கம் குடுக்கிறோமே, அது எங்க போகுதுன்னு நீங்க என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?

சரி, நீங்க என்ன பண்ணலாம். நேரா ஏற்றுமதி பண்ற நெனப்பை விடுங்க, 57 குட்டிக்கு ஆலை கட்டுனா கடன்காரன்தான் சாப்பிடுவான். ஏற்கெனவே அபேடா பதிவுல இருக்கிற, ஆடு வெட்டி அனுப்புற ஆலைக்கு குட்டி குடுக்கிறவரா சேருங்க. அவங்களுக்குத் தேவை ஒரே அளவுக் குட்டி, காதுக் கம்மல்ல இருக்கிற 12 இலக்க எண், ஊசி ஏடு. இந்த மூணும் கையில இருந்தா சந்தை விலைக்கு மேல கொஞ்சம் கேக்கலாம். அவங்க தரலைன்னா ஞாயித்துக்கிழமைக் கறிக்கடைக்காரர் எங்கயும் போயிட மாட்டாரு. அதுக்கு முன்னாடி எடை போட்டு விக்கப் பழகுங்க. எடையே தெரியாம 8ல இருந்து 11 கிலோவுக்குள்ள தாரேன்னு யாருகிட்ட எப்படிச் சொல்லுவீங்க?

ஷார்ஜா_கறிக்கடை:

அண்ணாச்சி சொன்ன எடை விஷயத்தை விட்டுடாதீங்க தம்பி. நம்ம ராமநாதபுரம் கீதாரிங்க கைமதிப்புல கில்லாடிங்க, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கையைப் பில்லுல ஒட்டி அனுப்ப முடியாது.

கரிசல்கிடை:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். மருந்தகத்துக்குப் போனோம் டாக்டரம்மா. 300 பேர்ல ஊசி ஏடு உருப்படியா வச்சிருந்தது 41 பேரு. எங்க வீட்டு ஏடும் அந்தக் கணக்குல இல்லைங்கிறதை ஒளிக்காம சொல்லிடுறேன்.

போன சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஒரு தொங்கு தராசு கொண்டு போனோம். வேப்பமரக் கிளையில மாட்டி, சாக்குத் தூளியில குட்டியை வச்சுத் தூக்கி எடை எழுதினோம். 64 குட்டி. 20ல இருந்து 24 கிலோவுக்குள்ள வந்தது 23தான். 14 கிலோவும் இருந்துச்சு, 33ம் இருந்துச்சு. அப்பா ஒவ்வொண்ணுக்கும் தூக்குறதுக்கு முன்னாடியே வாய்ல ஒரு எடை சொல்லிட்டு வந்தாரு. பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்ளதான் தப்பு.

வேடிக்கை என்னன்னா, எடைச் சீட்டு கட்டின குட்டியை வாங்க வந்த வியாபாரி விலையைக் குறைச்சுக் கேட்டாரு. "எடை போடுறதுக்குன்னே உப்புத்தண்ணி காட்டி வயித்தை ரொப்பிக் கொண்டாந்திருப்பீங்க"ன்னாரு. நாங்க அப்படிச் செய்யல. ஆனா சந்தையில அந்தப் பழக்கமே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சீட்டைக் கழட்டிட்டுக் கேட்டப்போ 300 ரூபாய் கூடக் குடுத்தாரு.

அண்ணாச்சி, ஆலைக்காரங்ககிட்ட பேசப்போறோம். அவங்க எந்த எடையைக் கணக்குல எடுப்பாங்க? சந்தையில தூக்குன எடையா, பட்டினி போட்ட எடையா?

கட்டிங்ஹால்:

பட்டினி எடை. 12 மணி நேரம், தண்ணி மட்டும். அதே 64ல உங்க வீட்டுக் குட்டி எத்தனைன்னு பாத்து, ரெண்டு தடவையும் தூக்கி வித்தியாசத்தை எழுதி வையுங்க. பேச்சு அங்கதான் ஆரம்பிக்கும். தராசு யாருதுன்னும் முதல்லயே பேசிடுங்க.